ஏம், நாம்: ராஜ்மஹால் மலையில ஒன்பது நாள்

நாள் 1

சென்னை சென்ட்ரல்ல இருந்து ஹவுரா மெயில் கிளம்பிடுச்சு. தூத்துக்குடி பக்கம் நாசரேத்ல எங்க வீட்ல ஒரு மாசம் லீவு முடிஞ்சு திரும்ப மிஷனரி ஊழியத்துக்குப் போறேன், இது மூணாவது வருஷம். பெட்டியில ரெண்டு கிலோ கருப்பட்டி, சுக்கு, அப்பா கட்டிக் குடுத்த புளிச்சோறு, அப்புறம் வீடு வீடா பாக்குறதக் குறிக்க ஒரு புது ரெஜிஸ்டர். போன ரெண்டு வருஷமும் ஆபீசுக்கு மாசாமாசம் அனுப்புற ரிப்போர்ட்டும் ஜெபக் குறிப்பும் தவிர வேற எதுவும் எழுதினதில்ல. இந்தத் தடவ தினமும் கொஞ்சம் போன்ல எழுதி உங்களுக்கு அனுப்பலாம்னு இருக்கேன்.

போற இடம் ஜார்க்கண்ட், பாக்கூர் மாவட்டம், லிட்டிபாரா பக்கத்து மலை. ராஜ்மஹால் மலைன்னு பள்ளிக்கூடத்துல ஜியாகரபில படிச்சிருப்பீங்க, கங்கை தெக்க பாத்து திரும்புற இடத்துல நிக்குற மலை. மேல குடியிருக்குறவங்க மால்டோ ஜனங்க, சர்க்கார் காகிதத்துல சௌரியா பஹாரியா. நான் நர்ஸ் படிச்சவ. காய்ச்சல் கேஸ் பாக்குறதும் பெண்கள் கூட்டம் நடத்துறதும் என் வேலை.

எதிர் சீட்ல ஒரு அம்மா கல்கத்தாவுல இருக்குற மகள் வீட்டுக்குப் போறாங்க. சாப்பாடு பிரிக்கும்போதே பேச ஆரம்பிச்சாங்க, விஜயவாடா வர பேசுனாங்க. எனக்குத் தூக்கம் வந்துருச்சு.

நாள் 2

ஒடிசா பூரா மழை. ஹவுராவுல இறங்கி ராத்திரி வண்டி பிடிச்சேன், ராம்பூர்ஹாட் தாண்டினா அடுத்தது நம்ம ஸ்டேஷன் தான்.

நாள் 3

பாக்கூர்ல இறங்குறப்போ இன்னும் விடியல. கருங்கல் ஊரு இது, வழி நெடுக கிரஷர், லாரி போனா வெள்ளத் தூசி வந்து மூஞ்சில அப்பும். ஆனா அந்தத் தூசிக்கு நடுவுல வரப்பு வரப்பா பனைமரம் நிக்குது பாருங்க, முதல் வருஷம் வந்தப்ப அதப் பாத்துட்டு நான் அழுதிருக்கேன், அச்சு அசல் நம்ம தேரிக்காட்டுப் பக்கம் மாதிரி.

பணித்தளத்துல எங்க பொறுப்பாளர் அண்ணன் டீ குடுத்துட்டு உக்கார வச்சாங்க. இந்த வாரம் மலை மேல மூணு ஊருக்குப் போகணும், கூட எங்க சபையில இருக்குற வயசான மால்டோ அம்மா ஒருத்தங்க வருவாங்க, நான் அவங்கள பெரியம்மான்னு தான் கூப்பிடுறது. இது வரைக்கும் வழக்கம் தான். அப்புறம் அண்ணன் சொன்னாங்க, ரெஜிஸ்டர இங்க வச்சுட்டுப் போம்மா.

ஏன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் லீவுல இருந்தப்ப மலைக்குப் போனாங்களாம், ஒரு ஊருல பொம்பளைங்க என்னைய விசாரிச்சாங்களாம். அதுல ஒருத்தங்க சொன்னது, "அந்த தீதி நல்லவ, நல்ல மருந்து தருவா. ஆனா நாங்க பேசி முடிக்கறதுக்குள்ள ஜெபம் பண்ணிருவா."

எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. நான் ஜெபம் பண்றத குறையா ஒருத்தர் சொல்லிக் கேக்குறது இது தான் முதல் தடவ. அண்ணன் திட்டவும் இல்ல, அறிவுரையும் சொல்லல. ஆறு நாள் சும்மா போய் இருந்துட்டு வா, காய்ச்சல்னா மட்டும் பாரு, கூட்டம் போடாத, பாட்டுப் புஸ்தகமும் வேண்டாம், அவங்க பேசட்டும்னாங்க. தெர்மாமீட்டர், பாராசிட்டமால், மலேரியா டெஸ்ட் கிட், உப்பு சர்க்கரைப் பொட்டலம், கருப்பட்டி, ரெண்டு போர்வை, இவ்வளவு தான் மூட்டை.

ராத்திரி தூக்கம் வரல. ஜெபக் குறிப்பு அனுப்புறவங்களுக்கு நான் சொல்றது புரியும்: ஒருத்தங்க கஷ்டத்தச் சொல்லும்போதே மனசுக்குள்ள ஒரு பக்கம் அத நாலு வரியில சுருக்கிக்கிட்டே இருக்கும். காய்ச்சல், கடன், குடிக்கிற புருஷன், ஜெபிச்சோம், சுகம் கிடைச்சது. ரெண்டு வருஷமா நான் அப்படித்தான் கேட்டுருக்கேன்.

நாள் 4

காலையில ஜீப் அடிவாரத்துல விட்டுட்டுப் போயிருச்சு, அங்கிருந்து மூணு மணி நேரம் ஏத்தம். பெரியம்மா செருப்பு போடுறதில்ல. மூட்டைய நெத்தியில கயிறு மாட்டி முதுகுல தொங்க விட்டுட்டு அவங்க பாட்டுக்குப் போறாங்க, நான் பத்தடிக்கு ஒரு தடவ நின்னு மூச்சு வாங்குறேன்.

மால்டோ பாஷையப் பத்தி சொல்லியாகணும், தமிழ் தெரிஞ்சவங்களுக்கு அது ஒரு ஆச்சரியம். கீழ சமவெளியில சந்தால் மக்கள் பேசுறது முண்டா குடும்பத்து பாஷை, சந்தையில வங்காளியும் இந்தியும் ஓடும், இதுக்கு நடுவுல மலை உச்சியில மட்டும் ஒரு திராவிட பாஷை தனியா உக்காந்திருக்கு. தண்ணிக்கு அமு. பழந்தமிழ்ல அம்னா நீர். கண்ணு அவங்களுக்கு கனு, அந்த முதல் எழுத்து மட்டும் தொண்டைக்குள்ள இருந்து வரும். 'நீ'ங்கிறது நீன். 'நான்'ங்கிறது ஏன்.

இந்த 'ஏன்' தான் என்னைய ரொம்ப நாளா படுத்துது. அவசரத்துல எனக்குத் தமிழ் தான் வாயில வரும், ஏன் சாப்பிடல, ஏன் மாத்திர முழுங்கலன்னு. அவங்க காதுல அது 'நான், நான்'னு விழும். முதல் வருஷம் ஒரு சின்னப் பையன் என்னைப் பாத்தாலே ஏன் ஏன் ஏன்னு கத்திக்கிட்டே ஓடுவான், அப்ப எனக்குப் புரியல.

ட்ரோஸேன்னு ஒரு மிஷனரி 1884லயே இந்த பாஷைக்கு இலக்கணம் எழுதி அச்சுப் போட்டுருக்காரு. இலக்கணம் எழுதணும்னா வருஷக்கணக்கா வாய மூடிக்கிட்டு அடுத்தவங்க பேசுறதக் கேட்டிருக்கணும்ல. நான் அந்த மனுஷன நினைச்சுக்கிட்டே தான் ஏறுனேன்.

சாயங்காலம் முதல் ஊரு. மூங்கில் தட்டி, மண் பூச்சு, பத்திருபது வீடு. கட்டில் போட்டாங்க. பெரியம்மா வாசல்ல உக்காந்து ஒரு மணி நேரம் ஒண்ணுமே பேசல, வீட்டுக்காரங்களும் பேசல, எனக்கு என் கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல.

பெரியம்மா ராத்திரி சொன்னாங்க, இங்க மேல ஏறி வர்றவங்க எல்லாரும் ஏதாவது கேக்க வருவாங்க, இல்லன்னா சொல்ல வருவாங்க. ஆதார் கேக்க ஒருத்தர், ஓட்டு கேக்க ஒருத்தர், கடனக் கேக்க வட்டிக்கு விடுற மகாஜன். உக்கார வர்றவங்க கிடையாது.

யோசிச்சுப் பாத்தா இருநூத்தம்பது வருஷமா இந்த மலைக்கு இதே தான் நடந்துருக்கு. 1780 வாக்குல பாகல்பூர் கலெக்டர் கிளீவ்லேண்ட் வந்து மலைக்காரங்கள வச்சே பட்டாளம் சேத்தான். அப்புறம் 1832ல மலையடிவாரத்த அளந்து கல்லு நட்டு தாமின்-இ-கோன்னு பேரு வச்சாங்க, காட்ட வெட்டி நெல்லு போட சந்தால் மக்கள குடியேத்துனாங்க, மலை ஜனங்க இன்னும் மேல மேலன்னு போயிட்டாங்க. அந்த சந்தால் மக்களும் நல்லா வாழல, வட்டிக்காரன் கொடுமை தாங்காம 1855ல எழுந்து நின்னு சுடப்பட்டு செத்தாங்க. ஒருத்தரும் மேல இருக்குறவங்ககிட்ட வந்து உங்களுக்கு என்ன வேணும்னு உக்காந்து கேட்டதாத் தெரியல. நாங்களும் தான். மிஷனரிமாரும் முதல்ல சொல்லத்தான் வந்தோம்.

நாள் 5

இன்னைக்கு நடந்தத மறைக்காம எழுதணும்.

ரெண்டாவது ஊரு. ஒரு வீட்டு வாசல்ல ஒரு அம்மா பர்பட்டி காய வச்சுக்கிட்டு இருந்தாங்க. பர்பட்டின்னா நம்ம தட்டாம்பயறு தான், இந்த மலையோட பணப்பயிர் அது. மக்காச்சோளத்தோட சேத்து மலைச்சரிவுல விதைப்பாங்க, அறுத்து கீழ சந்தையில போடுறப்போ விதைக்கே வாங்குன கடனுக்குப் பாதி போயிரும். அந்தம்மாவுக்கு என் வயசு தான் இருக்கும், முப்பத்தஞ்சுக்குள்ள. பெரியம்மா கிசுகிசுத்தாங்க, போன மழைக்காலத்துல இவ பையன் போயிட்டான், காய்ச்சல், ஆறு வயசு.

நான் பக்கத்துல போய் உக்காந்தேன். லீவுக்கு முந்தி ஒரு கவுன்சிலிங் பயிற்சி பத்து நாள் போயிருந்தேன், அதுல சொல்லித் தந்தது எல்லாம் ஞாபகத்துல இருந்துச்சு. கண்ணப் பாத்துப் பேசு, தலையாட்டு, அவங்க சொன்னத நீ உன் வார்த்தையில திருப்பிச் சொல்லு. அந்தம்மா பயறப் பாத்துக்கிட்டே பேச ஆரம்பிச்சாங்க. எத்தனை நாள் காய்ச்சல்னு சொன்னாங்க. நான் அத திருப்பிச் சொன்னேன். அவங்க நிறுத்திட்டாங்க. மறுபடி கொஞ்சம் பேசுனாங்க, நான் மறுபடி திருப்பிச் சொன்னேன், அவங்க என்னைய ஒரு மாதிரி பாத்தாங்க.

அப்புறம் என் வாயில வந்துருச்சு, ஏன் சீக்கிரமா கீழ கூட்டிட்டு வரலன்னு. இந்தியில தான் கேட்டேன். நர்ஸ் புத்தி. இந்தப் பக்கம் காய்ச்சல்னா ஒண்ணு மூளைக்கு ஏறுற மலேரியா, இல்லன்னா மணல் ஈ கடிச்சு வர்ற காலா அசார், ரெண்டும் நேரத்தோட பாத்தா பொழைக்கிற வியாதி, அதனால மனசு முதல்ல அங்க தான் ஓடுது. அந்தம்மா முகம் அப்படியே மூடிக்கிச்சு. நான் பயந்துட்டேன், பயத்துல இன்னும் பேசுனேன், எனக்குத் தெரிஞ்ச மால்டோவுல, நாம் அழக்கூடாது, நாம் கர்த்தர நம்பணும், நாம் அவன மறுபடியும் பாப்போம். கண்ண மூடி ஜெபம் பண்ணுனேன். கண்ணத் திறந்தப்ப அந்தம்மா பயற முறத்துல அள்ளிக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

பெரியம்மா ஒண்ணும் சொல்லல. ராத்திரி பூரா ஒண்ணும் சொல்லல.

நாள் 6

விடியக்காலம் பெரியம்மா தண்ணிக்குக் கூப்பிட்டாங்க. சுனை கீழ இருக்கு, இறங்க இருபது நிமிஷம், குடத்தோட ஏற நாப்பது நிமிஷத்துக்கு மேல, இத இங்க பொம்பளைங்க ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ செய்றாங்க. சுனையில தண்ணி சொட்டு சொட்டா தான் ஊறுது, தேங்காச்சிரட்டையில மொண்டு மொண்டு ஊத்தணும். அங்க உக்காந்து தான் பெரியம்மா வாயத் திறந்தாங்க.

"நேத்து நீ நாம்னு சொன்ன. உன் பிள்ளையும் செத்துச்சா?"

எனக்கு முதல்ல புரியல. தமிழ்ல நாம், நாங்கன்னு ரெண்டு இருக்குல்ல, கேக்குறவங்களையும் சேத்துச் சொன்னா நாம், சேக்காம சொன்னா நாங்க. மால்டோவுலயும் அதே மாதிரி ரெண்டு இருக்கு, சேத்தா நாம், சேக்கலன்னா ஏம். அந்தம்மா என்கிட்ட பேசுனப்ப ஏம் ஏம்னு தான் சொல்லியிருக்காங்க, நாங்க தூக்கிட்டுப் போனோம், நாங்க புதைச்சோம்னு. எனக்கு அது காதுலயே ஏறல. என் மொழியிலயே இருக்குற வித்தியாசம், உலகத்துல பாதி பாஷையில இல்லாத வித்தியாசம், எனக்கு ஏறல. அவங்க 'நாங்க'ன்னு சொன்ன துக்கத்துக்குள்ள நான் கேக்காம கொள்ளாம 'நாம்'னு நுழைஞ்சுருக்கேன். சபையில பிரசங்கத்துல அப்படியே பழகிருச்சு, நாம் எல்லாரும் பாவிகள், நாம் எல்லாரும் அவருடைய பிள்ளைகள்னு. அங்க அது சரி தான். பிள்ளையப் பறிகொடுத்த வீட்டு வாசல்ல அது சரியில்ல.

பெரியம்மா இன்னொண்ணும் கேட்டாங்க, அவ சொன்னத நீ எதுக்கு மறுபடி சொன்ன, அவளுக்குத் தெரியாதா? அப்புறம், அவ மூஞ்சியவே ஏன் பாத்துக்கிட்டு இருந்த, கைய சும்மா வச்சுக்கிட்டு?

நான் பயிற்சியக் குறை சொல்லல, ஆஸ்பத்திரியில நாற்காலி போட்டு எதிர் எதிரா உக்காந்து பேசுறவங்களுக்கு அது உதவும், நானே பாத்துருக்கேன். ஆனா நான் இங்க பாத்த வரைக்கும் இந்தப் பொம்பளைங்க பெரிய விஷயம் எதையும் மூஞ்சியப் பாத்துப் பேசுறதில்ல. பயறு உரிக்கும்போது, கயிறு திரிக்கும்போது, பிள்ளைக்குப் பேன் பாக்கும்போது, பக்கத்துல பக்கத்துல உக்காந்து, ரெண்டு பேரும் ஒரே பக்கமா பாத்துக்கிட்டு, நடுவுல நிறுத்தி, வேற ஏதாவது பேசி, மறுபடி அங்க வந்து. எங்க ஆச்சியும் பனையோலப் பெட்டி முடையும்போது தான் பேசுவா, அத நான் எப்படி மறந்தேன்னு தெரியல.

குடத்தத் தூக்கிக்கிட்டு ஏறும்போது பாதி தண்ணிய என் மேலயே ஊத்திக்கிட்டேன். மேட்டுப் பாறையில நின்னா ரெண்டு புள்ளி சிக்னல் வருது, அங்க நின்னு தான் இத அனுப்புறேன்.

நாள் 7

ஞாயித்துக்கிழம. ஊருல விசுவாசிங்க நாலு குடும்பம் இருக்காங்க, அவங்க பாஷையில அவங்களே ஆராதனை நடத்துனாங்க, நான் பின்னாடி உக்காந்தேன், பேசல. குளிரு வேற, மத்தியானம் வர போர்வைய எடுக்கல.

சாயங்காலம் தனியா மாற்கு அஞ்சாம் அதிகாரம் வாசிச்சேன். யவீரு ஓடி வர்றான், என் மகள் சாகக் கிடக்குறான்னு காலுல விழுறான், இயேசு அவன் கூட கிளம்பிப் போறாரு. வழியில பன்னெண்டு வருஷமா ரத்தம் போய்க்கிட்டு இருந்த பொம்பள கூட்டத்துக்குள்ள வந்து அவர் வஸ்திரத்தத் தொடுறா, தொட்ட உடனே சுகமாயிட்டா. வேலை முடிஞ்சுது. நானா இருந்தா அடுத்த கேசுக்கு ஓடியிருப்பேன், அங்க ஒரு குழந்தை உயிருக்குப் போராடுது. அவரு நின்னுட்டாரு. என்னைத் தொட்டது யாருன்னு சுத்திப் பாத்து, அவ நடுங்கிக்கிட்டே வந்து நடந்தத பூராவும் சொல்ற வரைக்கும் நிக்குறாரு. பன்னெண்டு வருஷக் கதை, எத்தனை வைத்தியர், எவ்வளவு செலவு, எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? பக்கத்துல யவீரு எப்படித் தவிச்சுருப்பான். இத எத்தனையோ தடவ நானே பிரசங்கம் பண்ணியிருக்கேன், எப்பவும் விசுவாசத்தப் பத்தி தான் பேசுவேன், அந்த நின்ன நேரத்தப் பத்தி ஒரு தடவ கூடப் பேசுனதில்ல.

அம்மா இறந்தது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, நான் இங்க வந்த கொஞ்ச நாள்ல. வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் சபைக்காரங்க, நல்லவங்க, ஒவ்வொருத்தரும் ஒரு வசனம் சொன்னாங்க, கர்த்தர் கொடுத்தார் கர்த்தர் எடுத்தார், அம்மா பரலோகத்துல சந்தோஷமா இருக்காங்கன்னு. எல்லாம் நான் நம்புற விஷயம் தான், ஆனா ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி விழுந்துச்சு. எதுத்த வீட்டு ஆச்சி மட்டும், அவங்க நம்ம சபை கிடையாது, மாரியம்மன் கோயிலுக்குப் போறவங்க, தினமும் சாயங்காலம் வந்து அம்மாவோட துணியெல்லாம் ஒவ்வொண்ணா மடிச்சாங்க. ஒரு நாள் ஒரு நீலச் சேலைய எடுத்து, இது எப்ப வாங்குனதுன்னு கேட்டாங்க. நான் ராத்திரி பத்து மணி வர பேசுனேன்.

அந்த ஆச்சிக்கு நான் நன்றி சொன்னதே இல்ல. இந்தத் தடவ லீவுல போய் எட்டிக்கூடப் பாக்கல. இறங்குன உடனே போன் பண்ணணும்.

நாள் 8

காலையில அந்தம்மா வீட்டுக்குப் போனேன். பெரியம்மா வரல, நீ போன்னுட்டாங்க.

என்ன சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சேன், மன்னிப்புக் கேக்கலாமா, கேட்டா அதுவும் என்னையப் பத்தின பேச்சா ஆயிருமோன்னு. கடைசியில ஒண்ணும் சொல்லல. வாசல்ல காஞ்ச பர்பட்டி குவிஞ்சு கிடந்துச்சு, உக்காந்து உரிக்க ஆரம்பிச்சேன். அந்தம்மா உள்ள இருந்து பாத்தாங்க, ஒரு முறத்த என் பக்கம் தள்ளுனாங்க. ரெண்டு பேரும் எதிர் மலையப் பாத்து உக்காந்துருந்தோம். காஞ்ச தோடு நகத்துக்குள்ள குத்தும், உங்களுக்குத் தெரியும்ல, முதல் அரை மணியிலேயே கட்டைவிரல்ல ரத்தம் கட்டிருச்சு. அவங்க என் கையப் பிடிச்சு, நுனியில அமுக்கித் திருப்புன்னு காமிச்சுக் குடுத்தாங்க.

மத்தியானம் மக்காச்சோளக் கஞ்சி. நான் ஒரு துண்டு கருப்பட்டி உடைச்சுக் குடுத்தேன், கல்லு மாதிரி இருக்கேன்னு பல்லால கடிச்சுப் பாத்தாங்க, எதுல இருந்து வருதுன்னு கேட்டாங்க, கீழ நிக்குற அதே பனைமரத்துல இருந்து தான்னு சொன்னேன், எங்க ஊருல தாத்தா பனை ஏறுவாரு, ஒரு தடவ விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கடைசி வர நிமிரவே இல்லன்னு சொன்னேன். அவங்க சிரிக்கல, ஐயோன்னும் சொல்லல, ம்ம்னாங்க. அந்த ம்ம் எனக்குப் போதுமா இருந்துச்சு.

வெயில் இறங்குனதுக்கு அப்புறம் அவங்க பேசுனாங்க. ரொம்ப நேரம். பாதி மால்டோ, பாதி இந்தி. எனக்குப் புரியாத வார்த்தை நிறைய வந்துச்சு, நான் நிறுத்தி விளக்கம் கேக்கல. ஒரே ஒரு தடவ, அவங்க ரொம்ப நேரம் பேசாம இருந்தப்ப, அவன் பேரு என்னன்னு கேட்டேன். சொன்னாங்க. சொல்லிட்டு, மறுபடி ஒரு தடவ கொஞ்சம் சத்தமா, உள்ள இருந்து கூப்பிடுற மாதிரி சொன்னாங்க.

அவங்க சொன்னத இங்க எழுத மாட்டேன். ஏன் கீழ கூட்டிட்டு வரலன்னு நான் கேட்டேன்ல, அதுக்குப் பதில் அதுக்குள்ள இருந்துச்சு, அவங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு மட்டும் சொல்றேன். பையன் பேரு, ஊரு பேரு, எதுவும் எழுத மாட்டேன். இது அவங்க என்கிட்ட சொன்னது, உங்ககிட்ட சொன்னதில்ல.

ஜெபம் பண்ணல. கிளம்பும்போது அவங்களா கேட்டாங்க, இன்னைக்கு கண்ண மூட மாட்டியான்னு. மூடட்டுமான்னு கேட்டேன். இருட்டிருச்சு போ, நாளைக்குன்னாங்க.

நாள் 9

காலையில அந்தம்மாவே நாங்க தங்கியிருந்த வீட்டு வாசலுக்கு வந்தாங்க, நேத்து 'நாளைக்கு'ன்னு சொன்னாங்களே, அதுக்கு. நான் ரெண்டே வாக்கியம் ஜெபம் பண்ணுனேன், பையன் பேர சொல்லி. ஏம்னு சொன்னாங்களே அதனால நான் 'இவங்க'ன்னு தான் ஜெபிச்சேன். ஒரு துணியில பர்பட்டி முடிஞ்சு குடுத்தாங்க, ரெண்டு படி இருக்கும்.

இறங்குற வழியில மூணாவது ஊரு. அங்க ஒரு அம்மா நாலு வயசுப் பிள்ளையத் தூக்கிட்டு வந்தாங்க, காய்ச்சல், வயிறு இடது பக்கம் தூக்கலா இருக்கு, மண்ணீரல் கைக்குத் தட்டுது. வழக்கமா நான் எத்தனை நாளா காய்ச்சல், ரெண்டு வாரத்துக்கு மேலயா, சரி கீழ போய் ரத்தம் பாக்கணும், முடிஞ்சுதுன்னு கிளம்பியிருப்பேன். இன்னைக்கு, எப்படி ஆரம்பிச்சுதுன்னு சொல்லுங்கன்னு மட்டும் கேட்டுட்டு உக்காந்துட்டேன். மக்காச்சோளம் பூத்த நேரத்துல இருந்து தொடங்கி, மருந்து அடிக்க வந்தவங்க வீட்டுச் சுவத்துல அடிச்சது, அடிச்ச சுவத்து மேல இவங்க மறுபடி மண்ணு பூசுனது, மாமியாருக்கு இருமல், எல்லாம் வந்துச்சு. போற போக்குல, பெரியவனுக்கு மூணு வருஷம் முன்னாடி இதே காய்ச்சல் வந்து ஊசி போட்டு நல்லாயிட்டான், இப்ப மூஞ்சியிலயும் கையிலயும் தேமல் மட்டும் தான்னாங்க.

அவனக் கூப்பிடச் சொன்னேன். பத்து வயசு இருக்கும். வெளுத்த புள்ளிங்க, கன்னம், தாடை, முழங்கை பூரா. அது சாதாரண தேமல் மாதிரி எனக்குத் தோணல. காலா அசார் ஆறினதுக்கு அப்புறம் சிலருக்குத் தோல்ல வர்றது, வலிக்காது அரிக்காது, அதனால யாரும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாங்க, ஆனா மணல் ஈ அவங்களக் கடிச்சு அடுத்தவங்களக் கடிச்சா நோய் பரவும். ரெண்டு பேரையும் சோதிச்சாத் தான் உறுதியாத் தெரியும். சின்னவனுக்கு உறுதியாச்சுன்னா ஒரே தடவை ஏத்துற மருந்து இருக்கு, பெரியவனுக்கு மாத்திரை 12 வாரம் ஆகும். 2022ல நாட்டுலயே பத்தாயிரத்துக்கு ஒருத்தருக்கு மேல இந்த நோய் இருந்த ஒரே பிளாக்கு நம்ம லிட்டிபாரா தான், இப்ப நிறைய குறைஞ்சுருக்கு, மிச்சம் இருக்குறது இப்படித்தான் வீட்டுக்குள்ள ஒளிஞ்சு இருக்கும். இந்த வீட்டுக்கு நான் போன வருஷம் ரெண்டு தடவ வந்துருக்கேன். ரெண்டு தடவையும் ரெஜிஸ்டர்ல 'காய்ச்சல் இல்லை'ன்னு எழுதியிருக்கேன்.

அந்தம்மா புருஷன் கேட்டாரு, மருந்துக்கு நாங்க உங்க கூட்டத்துக்கு வரணுமான்னு. வேண்டாம் அண்ணே, மருந்து சர்க்கார் மருந்து, நான் வழித்துணை மட்டும் தான்னேன். இந்த மாநிலத்துல 2017ல இருந்து மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கு, அதுக்காகச் சொல்லல. வியாதியக் காட்டி ஒருத்தரக் கூப்பிடுறது எனக்கு பாவமாத் தெரியுது, இத எங்க ஆளுங்ககிட்டயும் அடிச்சுச் சொல்லுவேன்.

நாலு பேரையும் கூட்டிட்டு இறங்கியாச்சு. பணித்தளத்துல அண்ணன் என்னைப் பாத்துட்டு, கை என்னாச்சும்மான்னாங்க. பயறு உரிச்சேன்னேன். அவங்க வேற எதுவும் கேக்கல, நானும் சொல்லல. மாசக் கடைசி ரிப்போர்ட்டு தாளு மேஜையில கிடக்கு, எத்தனை வீடு, எத்தனை பேருகிட்ட பேசுனீங்க, சாட்சி, அதாவது கர்த்தர் செஞ்ச காரியம்னு சொல்ல ஏதாவதுன்னு கட்டம் போட்டுருக்கு. காய்ச்சல் கேஸ் ஒண்ணு, தோல் சந்தேகம் ஒண்ணுன்னு எழுதிட்டேன். சாட்சி கட்டத்துல ஒண்ணும் எழுதல. ஆபீஸ்ல கேப்பாங்க, ஏன் காலியா இருக்குன்னு, கேக்கட்டும்.

எதுத்த வீட்டு ஆச்சிக்கு போன் போட்டேன். யாருட்டின்னு கேட்டாங்க, சொன்னேன், அப்புறம் அவங்க மருமக கூட சண்டை, முட்டி வலி, கிணத்துல தண்ணி இறங்கிப் போச்சுன்னு முக்கால் மணி நேரம் பேசுனாங்க. நான் நன்றி சொல்ல ஆரம்பிச்சேன், அதுக்குள்ள அவங்களுக்கு அடுப்புல பால் பொங்கிருச்சு.

சின்னவனுக்கு இப்ப காய்ச்சல் 101. அவங்கம்மா வராண்டாவுல அவன மடியில போட்டு உக்காந்துருக்காங்க, இத எழுதி முடிச்சுட்டு நானும் அங்க தான் போறேன். அந்த ரெண்டு படி பர்பட்டியில கொஞ்சம் ஊறப் போட்டுருக்கேன், கருப்பட்டி போட்டு அவிச்சு தூக்குச்சட்டியில எடுத்துக்கணும். காலையில அஞ்சு மணிக்கு ஜீப்.